காந்தானுக்கு நல்ல தண்ணி

கூத்தாநல்லூரில் எங்கள் தெருவுக்குக் குடிதண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். வருகிற தண்ணீரில் பாதி எங்களுக்கு, பாதி என் சக்களத்திகளுக்கு. சக்களத்திகள் என்று நான் சொல்வது, என் வீட்டுக்காரர் மீரா உசேன் கொல்லையில் வளர்க்கும் மலேசியச் செடிகளை. வேடிக்கையாகத்தான் அந்தப் பெயரை வைத்தேன். பக்கத்து வீட்டு ஜன்னத் பீவி, நான் அக்கா முறைக்கு லாத்தா என்று கூப்பிடுகிறவர், அதைக் கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

எங்கள் மண்ணில் என்ன வரும் என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். வயலில் நெல், உளுந்து. வீட்டில் தென்னை, வாழை, முருங்கை, கறிவேப்பிலை. இவருக்கு அது போதவில்லை. ரம்புத்தான் மரம் வேண்டும். இலையைக் கசக்கினால் மணக்கும் ஏதோ ஒரு நாரத்தை ஜாதி வேண்டும். சோற்றில் போட்டால் மணக்கும் ரம்பை இலை கொத்துக் கொத்தாக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகக் காந்தான் வேண்டும். காந்தான் என்பது இஞ்சி ஜாதி. ஆள் உயரத்துக்கு மேலே போகுமாம். அடியிலிருந்து ரோஸ் நிறத்தில் மொட்டு கிளம்புமாம். அந்த மொட்டை அரிந்து மீன் குழம்பில் போடுவார்களாம். மூன்று வருஷமாக அந்த மொட்டை நாங்கள் கண்ணால் பார்க்கவில்லை. எங்கள் பாடு இலவு காத்த கிளிதான்.

அந்தச் செடிகள் எல்லாம் தினமும் மழை பெய்கிற ஊர்ச் செடிகள். இங்கே தை மாதம் ஆற்றில் தண்ணீரை நிறுத்தினால் ஆனி வரைக்கும் மணல்தான். சித்திரை பிறந்தால் காற்று அடுப்பு வாயிலிருந்து வருவது போல வரும். போர் தண்ணீரோ உப்பு. அதில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. அந்தத் தண்ணீரைக் கொஞ்ச நாள் விட்டாலே ரம்புத்தான் இலையின் ஓரமெல்லாம் சுட்ட அப்பளம் மாதிரி ஆகிவிடும். காந்தானுக்கு அவ்வளவுகூடத் தாங்காது. பெயருக்கு ஏற்றபடி காந்திப் போகும்.

வந்த புதிதில் ஒருநாள் அது வாடிக் கிடக்கிறதே என்று நான் மோட்டாரைப் போட்டு, பாத்தி நிறையத் தண்ணீர் கட்டிவிட்டேன். நாங்கள் நெல் விளைகிற ஊர்க்காரர்கள். பயிர் வாடினால் தண்ணீர் கட்டுவதுதான் எங்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம். மறு வாரம் குருத்தெல்லாம் அழுகி, ஒரே ஒரு முளைதான் மிஞ்சியது. அவர் என்னைத் திட்டவில்லை. பாத்தியோரம் குந்தி உட்கார்ந்து, அந்த மண்ணைக் கையாலேயே அள்ளி வெளியே போட்டார். கண் கலங்கியிருந்தது. இஞ்சிக்கு அழுகிற ஆம்பிளையை அன்றைக்குத்தான் நான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு சட்டம் வந்தது. காந்தானுக்குக் குழாயில் வரும் நல்ல தண்ணிதான். கும்பகோணம் போய்ப் பச்சை வலை வாங்கி வந்து மேலே கட்டினார். அடியில் வைக்கோலைப் பரப்பினார். மத்தியான வெயிலில் இலை நனைய நனையத் தெளித்தார். எனக்குக் காய்ச்சல் கண்டபோதுகூட இத்தனை உபசாரம் நடந்ததில்லை என்று குத்திக் காட்டுவேன். சிரித்துக்கொண்டே குடத்தைத் தூக்கிக்கொண்டு போவார்.

நானும் சிரிப்பேன். எனக்கு என்ன குறை? அவர்தான் வந்துவிட்டாரே.

வெளிநாடு போகிறவர்களை எங்கள் ஊரில் சபராளி என்பார்கள். நிக்காஹ் முடிந்த கையோடு அவரும் சபர் போனார். மலேசியாவில், ஈப்போவில் துணிக்கடை. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். பெட்டி நிறைய கோடாலித் தைலம், மைலோ டின், கைலி, சென்ட் இருக்கும். அதைத் தெருவெல்லாம் பங்கு வைத்துக் கொடுத்து முடிப்பதற்குள் திரும்பிப் போகும் நாள் வந்துவிடும். எங்கள் ஒரே மகள் சுமையாவுக்கு அத்தா என்றால் விசேஷத்துக்கு வந்துபோகிற சொந்தக்காரர் மாதிரிதான்.

ஊரில் எத்தனையோ பேசுவார்கள். இன்னார் அங்கே ஒரு மலாய்க்காரியை வைத்திருக்கிறார், இன்னாருக்கு அங்கே பிள்ளைகள்கூட உண்டு என்பார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. நான் மட்டும் நிமிர்ந்து நடந்தேன். எத்தனையோ பேர் கோல் ஊன்றுகிற வயதில் திரும்பி வந்தார்கள். சிலருடைய சேதி மட்டும் வந்தது. என் வீட்டுக்காரர் நல்ல நடமாட்டம் இருக்கும்போதே கடையை விற்றுவிட்டு வந்து வாசலில் நின்றார். "போதும் கமரு. இனிமே உன்னோடதான்" என்றார். அந்த வார்த்தையை லாத்தாவிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. தனியாகப் படுத்து எழுந்த அத்தனை வருஷத்துக்கும் அது ஒன்றுதான் எனக்குக் கிடைத்த கூலி. அவர் எனக்காக வந்தார்.

அந்தத் தடவை பெட்டியைத் திறந்தால் தைலம் இல்லை, மைலோ இல்லை. அவர் துணிகள்தான் அள்ளித் திணித்துக் கிடந்தன. நடுவில் ஈரத் துண்டு சுற்றிய ஒரு கிழங்கு இருந்தது. அதுதான் காந்தான்.

கொல்லை முழுக்க இடம் கிடந்தது. ஆனால் அடுப்படி வாசலுக்கு இடது கைப் பக்கம்தான் அதை நட வேண்டும் என்றார். அங்கே என் மருதாணி நின்றது. கல்யாணமான வருஷம் நான் போத்து ஊன்றி வளர்த்தது. அவர் வருகிறார் என்று சேதி வந்தால் முதல் நாளே அதில் இலை உருவி, அரைத்து, இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவர் வந்து இறங்கும்போது கை செக்கச் செவேல் என்று இருக்க வேண்டும் எனக்கு.

"அத வெட்டிடவா கமரு? இனிமே எதுக்கு? அதான் நான் எங்கயும் போகப்போறதில்லையே" என்றார்.

இப்படி ஒரு பேச்சைக் கேட்டபிறகு மருதாணி எம்மாத்திரம். நானே அரிவாளை எடுத்துக் கொடுத்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு பெருநாளைக்கு நெய்ச்சோறு ஆக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுப் பழக்கம், ரம்பையைத் துண்டு துண்டாக நறுக்கித் தாளிப்பது. அடுப்படிப் பக்கமே எட்டிப் பார்க்காத மனுஷன் உள்ளே வந்து, நறுக்கப் போன இலையை என் கையிலிருந்து வாங்கினார். இரண்டு இலையைச் சேர்த்து விரலில் ஒரு சுற்றுச் சுற்றி, முடிச்சாக இழுத்து, உலையில் போட்டார். கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது.

"முடிஞ்சு போடணும். அப்பத்தான் சோத்துல தும்பு தும்பா வராது. எடுக்கறதுக்கும் லேசு."

"துணி அளந்த கைக்கு இதையெல்லாம் யாருங்க சொல்லிக் குடுத்தா?"

"அங்க எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க."

சோறு நன்றாக மணந்தது. அதுமுதல் நானும் முடிந்துதான் போட்டேன். லாத்தாவுக்கும் சொல்லிக் கொடுத்தேன், என்னமோ நானே மலேசியா போய் வந்த மாதிரி.

இந்தச் சித்திரையில், குடம் தூக்கித் தூக்கி அவருக்குக் குடல் இறங்கிவிட்டது. தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். செடிகளை லாத்தாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனோம். காரில் மன்னார்குடி தாண்டும் வரைக்கும் எந்தச் செடிக்கு எத்தனை சொம்பு என்று போனில் லாத்தாவுக்குப் பாடம் நடத்திக்கொண்டே வந்தார். வயிற்றைக் கிழிக்கப் போகிறார்களே என்ற கவலை எனக்குத்தான் இருந்தது.

ஆபரேஷன் முடிந்து, வெளியே பெஞ்சில் தஸ்பீஹ் மணியை உருட்டி ஓதிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் பெண் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். சுடர்விழி என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தாள்.

"நீங்கதான அவங்க வீட்டம்மா? நல்லா இருக்காருங்க, பயப்படாதீங்க. மயக்கத்துல சித்தி சித்தின்னே கூப்பிடுறாரு. சித்தி மேல ரொம்பப் பாசம் போல. பக்கத்துல இருந்தா ஒரு எட்டு வரச் சொல்லுங்களேன்."

அவள் வீட்டில் அம்மாவின் தங்கை சித்தியாக இருக்கலாம். எங்கள் வீடுகளில் சின்னம்மா என்போம், சாச்சி என்போம். சித்தி என்ற பேச்சு எங்களுக்கு டிவியில்தான். அதோடு, என் மாமியார் அண்ணன் தம்பிகளுக்கு நடுவே ஒற்றைப் பெண்ணாகப் பிறந்தவர். இவருக்குச் சின்னம்மா என்று ஒருத்தி கிடையவே கிடையாது. மருந்து படுத்துகிற பாடு என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

கண் மூடியிருந்தது. உதடு வறண்டு வெடித்திருந்தது. ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டேன். உதடு அசைந்தது.

"சித்தி... காந்தானுக்குத் தண்ணி ஊத்துனியா?"

பெரியவர்களை வா போ என்று பேசுகிறவர் இல்லை அவர். ஊத்துனியா என்று கேட்ட அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரிந்த குரல். உலை வச்சியா, கதவைச் சாத்துனியா என்று என்னைக் கேட்கிற அதே குரல். பெயர்தான் என் பெயராக இல்லை.

சாயங்காலம் குவைத்திலிருந்து சுமையா பேசினாள். நான் அதைச் சிரிப்புக் கதையாகச் சொன்னேன். அவளும் சிரித்தாள்.

"யாரும்மா அந்தச் சித்தி?"

"யாருக்குத் தெரியும்? வீட்டுக்கு வரட்டும், கேட்டுச் சொல்றேன்."

சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். ஒன்றும் இருக்காது, ஒன்றும் இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்ல வேண்டியிருந்ததே எனக்குப் பயமாக இருந்தது.

வீட்டுக்கு வந்தோம். ஒரு சொம்புகூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். கட்டிலைக் கொல்லைப் பக்கத்து ஜன்னலோரம் இழுத்துப் போடச் சொன்னார். படுத்துக்கொண்டே அதிகாரம் ஆரம்பித்தது. கத்திரி பிறந்து வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. நான் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்படிப் படியில் இறங்கினேன்.

"எறங்காத கமரு, எறங்காத. படியிலயே நில்லு. வலது கையில ரம்பை, எட்டி ஊத்து. இடது கையில காந்தான். அரிசி களைஞ்ச தண்ணியக்கூட வாசல்லேருந்தே வீசலாம். அதுக்குத்தான அங்க வச்சது."

நான் படியில் நின்றேன். வலது கையை நீட்டினால் ரம்பை. இடது கையை நீட்டினால் காந்தான். ஓர் எட்டு வைத்தால் அந்த நாரத்தை. அதற்கு அப்பால் ரம்புத்தான், நாளைக்கு வளர்ந்தால் துவைகல்லுக்கு நிழல் விழுகிற மாதிரி. அடுப்பில் குழம்பைக் கொதிக்க விட்டுவிட்டு ஒரு பெண் படிக்கு வந்து, கையை நீட்டி ஓர் இலையைக் கிள்ளி, ஒரு மொட்டை ஒடித்து, குழம்பு பொங்குவதற்குள் உள்ளே போய்விடலாம். துணி அளந்த ஆம்பிளைக்கு இந்தக் கணக்கு வராது. பக்கத்தில் உட்கார்ந்து வருஷக்கணக்காகப் பார்த்திருந்தால்தான் வரும்.

நான் காந்தானைச் சமைத்ததில்லை. அந்த நாரத்தை இலையை எதில் போடுவது என்றே எனக்குத் தெரியாது. இந்த வீட்டில் சமைக்கிறவள் நான் ஒருத்திதான். அப்படியானால் இது என் அடுப்படிக்குப் போட்ட தோட்டம் இல்லை.

குடத்தைப் படியிலேயே வைத்துவிட்டு உள்ளே போனேன்.

"யாருங்க சித்தி?"

அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். இல்லை என்று சொல்வார், மயக்கத்தில் உளறியிருப்பேன் என்பார், நானும் நம்பிவிடலாம் என்று கடைசி வரைக்கும் ஓர் ஆசை இருந்தது எனக்கு.

"அவ பேரு ரொகாயா" என்றார். "சித்தி ரொகாயா. அங்க பொம்பளைங்களுக்குப் பேருக்கு முன்னாடி சித்தின்னு வைப்பாங்க. நான் அப்படியே கூப்பிட்டுப் பழகிட்டேன்."

"நிக்காஹா?"

"நிக்காஹ்தான் கமரு. தப்பா ஒண்ணும் நடக்கல. கடைக்கு வேலைக்கு வந்தவ. தமிழ் நல்லாப் பேசுவா."

"மார்க்கத்துல தப்பில்லன்னு எனக்கும் தெரியும். என்கிட்ட சொல்லாம இருக்கறதுக்கு எந்தக் கிதாபுல இடம் இருக்குன்னு சொல்லுங்க."

அவர் தலையணையை இழுத்துச் சரிசெய்தார்.

"எப்ப?"

"சுமையா பொறந்த மறு வருஷம்."

"புள்ளைங்க?"

"இல்ல."

சுமையாவுக்குக் காது குத்தினோம், பள்ளிக்கூடம் சேர்த்தோம், கட்டிக் கொடுத்தோம். ஒவ்வொன்றுக்கும் அவர் பெட்டியோடு வந்து இறங்கியது கண் முன்னால் வந்தது. எனக்கு ஏனோ அந்தப் பெட்டிதான் தைத்தது.

"அங்கேருந்து வர்றப்ப பெட்டி யாரு கட்டுவா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "அவதான். உனக்கு எந்த சென்ட் புடிக்கும்னுகூட அவளுக்குத் தெரியும்."

நான் தெருவெல்லாம் பெருமையாகப் பங்கு வைத்த தைலமும் மைலோவும் அவள் எண்ணி எடுத்து அடுக்கியவை. ஒவ்வொரு தடவையும் அவரை என்னிடம் கட்டி அனுப்பியவள் அவள். நான் மருதாணிக் கையோடு வாங்கிக்கொண்டிருக்கிறேன். கடைசித் தடவை பெட்டியில் ஏன் தைலம் இல்லை என்று இப்போது புரிந்தது.

"இப்ப எங்க அவ?"

"மவுத்தாயிட்டா. கொரோனாவுல. மையித்து மொகத்தக்கூடப் பாக்க விடல கமரு. வீட்டக் காலி பண்றப்ப அந்தக் கெழங்கு ஒண்ணத்தான் தோண்டி எடுத்தேன்."

அழுதார். வயிற்றில் தையல் இழுக்க, அதைக் கையால் அமுக்கிக்கொண்டு அழுதார். எனக்குப் பாவமாக இருந்தது. பாவமாக இருந்ததே என்று என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. செத்தவளிடம் எனக்கு என்ன பகை? அவளும் என்னைப் போல ஒரு பாதியோடு குடித்தனம் நடத்தியவள். ஆனால் எனக்கு இனி ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டும். அது இல்லையென்றால் என்னிடம் வேறு எதுவும் இல்லை.

"போதும் கமரு, இனிமே உன்னோடதான்னு சொன்னீங்களே. அவ உசிரோட இருந்திருந்தா வந்திருப்பீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியாகக் கொல்லையைப் பார்த்தார். நான் காத்துக்கொண்டு நின்றேன். காத்திருப்பது எனக்கு என்ன புதுசா?

"வெயில் ஏறுது கமரு" என்றார். "காந்தானுக்கு இன்னும்..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திக்கொண்டார். நிறுத்தி என்ன, எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

அடுப்படிப் படிக்கு வந்தேன். குடத்தில் நல்ல தண்ணி தளும்பிக்கொண்டிருந்தது. ஒரு சொம்பு மொண்டு, நின்றபடியே முழுக்கக் குடித்தேன். இன்னொரு சொம்பும் குடித்தேன். பிறகு குடத்தைத் தூக்கிக்கொண்டு போய் அடுப்படிக்குள் வைத்து மூடினேன். திரும்பி வந்து, போர் பைப்பை எடுத்துக் காந்தான் பாத்தியில் போட்டு, மோட்டார் சுவிட்சை அமுக்கினேன்.

அந்தச் சத்தம் அவருக்குக் கேட்காமல் இருக்காது. கட்டில் கிரீச்சிட்டது. கூப்பிடுவார் என்று நினைத்தேன், கூப்பிடவில்லை. அப்போதுதான் போன் அடித்தது. சுமையா.

"என்னம்மா, ஒரே மோட்டார் சத்தமா இருக்கு?"

"செடிக்குத் தண்ணி உடுறேன்."

"போர் தண்ணியா? அத்தா வையப் போறாங்க."

"வைய மாட்டாங்க."

"அத்தா எப்படி இருக்காங்க? ஆமா, யாரும்மா அந்தச் சித்தி? கேட்டுச் சொல்றேன்னியே."

ஜன்னலைப் பார்த்தேன். அவர் எழுந்து உட்கார்ந்திருந்தார். ஒரு கை வயிற்றை அமுக்கியிருந்தது, இன்னொரு கை ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தது. வேண்டாம் என்று தலையை ஆட்டினார். கெஞ்சுகிற முகம். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

"கேட்டேன்" என்றேன். "உனக்குத்தான் சித்தி."

"எனக்கா?" சுமையா சிரித்தாள். "எனக்கு ஏதும்மா சித்தி? உனக்குத் தங்கச்சி கெடையாது. அத்தாவுக்குத் தம்பி கெடையாது. அப்பறம் எனக்கு எப்படி..."

சிரிப்பு பாதியில் நின்றது.

"அத்தாகிட்ட குடுக்கட்டுமா?" என்றேன்.

"வேணாம்மா" என்றாள்.

பாத்தி நிறைந்து வைக்கோல் மிதந்தது. நான் மோட்டாரை நிறுத்தவில்லை. முன்பு என் மருதாணி நின்ற இடம் முழுக்க உப்புத் தண்ணீர் நின்றது.